லோடு பேலன்சருக்குப் பின்னால் அறுபடும் இணைப்புகள்: அறுத்தது யார் என்று கண்டறியும் முறை

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் தையல் லைன் மேற்பார்வையாளர், ஓர் இரவு பதினொரு மணிக்கு மேல் என்னை அழைத்தார். “சார், ஸ்கிரீன்ல பாக்கறதெல்லாம் வருதுங்க. பண்டில் டிக்கெட்ட ஸ்கேன் பண்ணி அனுப்புனா மட்டும் ஒவ்வொரு தடவ ஏறமாட்டேங்குதுங்க. பகல்ல அவ்வளவா இல்லீங்க, ராத்திரி ஷிப்ட்லதான் சாஸ்தியா இருக்குதுங்க” என்றார். எந்தப் பண்டில் எந்தத் தையல்காரர் கையில் முடிந்தது என்பதை அந்த ஸ்கேன்தான் கணக்கில் ஏற்றுகிறது. பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கு அது அன்றைய கூலி. படிப்பது சரியாக இருக்க எழுதுவது மட்டும் தவறுகிறது, கூட்டம் குறைந்த நேரத்தில் தொல்லை கூடுகிறது என்று அவர் சொன்ன இரண்டு செய்திகளிலேயே விடை முழுவதும் இருந்தது. அதைப் புரிந்துகொள்ளாமல் நான்கு நாட்கள் வை-ஃபையையும் இணையச் சேவையையும் சந்தேகப்பட்டேன். அந்த நான்கு நாட்கள் இன்னொருவருக்கு வீணாகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கிளையண்டிலிருந்து (இங்கே ஸ்கேன் செய்யும் டேப்லெட்) சர்வர் வரை ஒரே இணைப்பு ஓடுவதாகப் பயனர் நினைக்கிறார். உண்மையில் அது பல துண்டுகளாக ஓடுகிறது. வரும் கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பங்கிட்டு அனுப்பும் லோடு பேலன்சர், எச்டிடிபி (இணையத்தில் கோரிக்கையும் பதிலும் போய்வரும் முறை) அளவில் இயங்கும்போது, டேப்லெட்டுடன் ஒரு டிசிபி இணைப்பையும் (தரவு தவறாமல் போய்ச் சேர இரு முனைகளும் வைத்துக்கொள்ளும் தொடர்பு), பின்னாலிருக்கும் அப்ளிகேஷன் சர்வருடன் வேறொரு டிசிபி இணைப்பையும் வைத்திருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனி வயது உண்டு, தனித்தனிச் சாவும் உண்டு. டேப்லெட்டுக்கும் லோடு பேலன்சருக்கும் நடுவில் தொழிற்சாலையின் ரௌட்டரும் ஃபயர்வாலும் இருக்கின்றன. அவை இணைப்பின் முனைகள் அல்ல என்றாலும், ஒவ்வோர் இணைப்பைப் பற்றியும் ஒரு குறிப்பை நினைவில் வைத்துக்கொண்டு, அந்தக் குறிப்பு அழிந்ததும் பாக்கெட்டுகளை, அதாவது தரவுத் துண்டுகளை, கைவிடக் கூடியவை. பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத்தில் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால், உழவர் அணையில் போய்ச் சண்டையிடுவதில்லை. வாய்க்கால் கரையோடு மடை மடையாக மேலே நடந்து, எந்த மடைக்கு மேல் தண்ணீர் இருக்கிறது, எந்த மடைக்குக் கீழ் இல்லை என்று பார்த்துக்கொண்டே போவார். நாம் செய்ய வேண்டியதும் அதே நடைதான்.

கேள்வி கேட்பதில் தொடங்குதல்

கட்டளைகளைத் தட்டுவதற்கு முன்னால், பிழையைக் கண்ணால் பார்த்தவரிடம் பேச வேண்டும். பிழை வந்த மணி என்ன, நிமிடம் வரை சொல்ல முடியுமா. அதற்கு முன் டேப்லெட் சும்மா கிடந்ததா, வேலையில் இருந்ததா. திரை உடனே பிழையைக் காட்டியதா, வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டுக் காட்டியதா. அதே நேரத்தில் பக்கத்து லைனிலும் வந்ததா. கைபேசி டேட்டாவுக்கு மாற்றினால் வருகிறதா என்று கேட்க வேண்டும். இவற்றில் மூன்றாவது கேள்வியை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். உடனே வரும் பிழை என்றால் யாரோ ஒருவர் இணைப்பை வெளிப்படையாக மூடியிருக்கிறார் அல்லது மறுத்திருக்கிறார். வெகுநேரம் சுற்றுகிறது என்றால் பாக்கெட் எங்கோ ஓசையில்லாமல் மறைகிறது. சரியாக 30 அல்லது 60 நொடியில் வருகிறது என்றால் யாரோ எழுதி வைத்த ஒரு காலவரம்பு தன் வேலையைச் செய்திருக்கிறது. இயற்கையில் நடக்கும் கோளாறுகள் அவ்வளவு முழு எண்களில் நடப்பதில்லை.

‘கனெக்ஷன் போயிடுச்சு’ என்று பயனர் சொல்வது சில நேரங்களில் இணைப்பு அறுந்ததைக் குறிப்பதே இல்லை. லாக்-இன் பக்கம் மீண்டும் வந்து நின்றால் அது செஷன் (உள்நுழைந்தவர் யார் என்று சர்வர் வைத்திருக்கும் குறிப்பு) தொலைந்த கதை. இரண்டு சர்வர்களில் ஒன்றின் நினைவகத்தில் மட்டும் செஷன் இருந்து, அடுத்த கோரிக்கை மற்றதற்குப் போனால் இப்படி நடக்கும். செஷனை, ரெடிஸ் என்ற நினைவகத் தரவுக் கிடங்கு போன்ற, எல்லா சர்வர்களுக்கும் பொதுவான ஓர் இடத்துக்கு மாற்றுவதே இதற்குத் தீர்வு. லோடு பேலன்சராக இயங்கும் என்ஜின்எக்ஸ் மென்பொருளின் ஐபி-ஹாஷ் முறையை (கிளையண்டின் முகவரியை வைத்துச் சர்வரைத் தேர்ந்தெடுப்பது) கொண்டு ஒட்டுப்போடுகிறவர்கள், அது ஐபிவி4 முகவரியின் முதல் மூன்று பகுதிகளை மட்டுமே பார்க்கிறது என்பதையும், ஒரே தொழிற்சாலையின் எல்லா டேப்லெட்டுகளும் ஒரே பொது முகவரியில் வெளியே வருவதால் அத்தனை பேரும் ஒரே சர்வரில் போய்க் குவிவார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

லோடு பேலன்சர், அப்ளிகேஷன் லாக் (நிகழ்வுப் பதிவு) இரண்டையும் ஒன்றாக வைத்துப் படித்தல்

எல்லா இயந்திரங்களின் கடிகாரமும் என்டிபி (நேரத்தை ஒத்திசைக்கும் முறை) வழியாக ஒத்துப்போகின்றனவா என்று முதலில் பார்த்துவிடுங்கள். மூன்று நொடி விலகல் இருந்தாலும் எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பது தலைகீழாகிவிடும். அடுத்து, லோடு பேலன்சர் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் அடையாள எண்ணைச் சூட்டி, அதைத் தன் லாக்கிலும் எழுதி, ஹெடர் வழியாக அப்ளிகேஷனுக்கும் அனுப்பும்படி அமைக்க வேண்டும். என்ஜின்எக்ஸில் இதற்கென்றே ரெக்வெஸ்ட்-ஐடி என்ற மாறி இருக்கிறது. மொத்த நேரம், பின் சர்வருடன் இணைய எடுத்த நேரம், அது பதில் தர எடுத்த நேரம், எந்தப் பின் சர்வர் என்ற முகவரி ஆகியவற்றையும் லாக்கில் சேர்த்துவிட்டால் பாதிப் புதிர் அங்கேயே அவிழும். இயல்பாக வரும் லாக் வடிவத்தில் இவை இருப்பதில்லை என்பதால், கோளாறு வருவதற்கு முன்பே இதைச் செய்து வைப்பது நல்லது.

இப்போது எண்களைப் படிக்கலாம். என்ஜின்எக்ஸ் லாக்கில் 499 என்று இருந்தால், பதில் வருவதற்குள் கிளையண்ட் தானே மூடிக்கொண்டு போய்விட்டது. பயனர் பொறுமையிழந்து பக்கத்தைப் புதுப்பித்திருக்கலாம், அல்லது டேப்லெட் செயலியின் காலவரம்பு மிகக் குறைவாக இருக்கலாம். அமேசானின் அப்ளிகேஷன் லோடு பேலன்சர் இதே நிகழ்வை 460 என்று எழுதுகிறது. 504 என்றால் பின் சர்வர் உரிய நேரத்தில் பதில் தரவில்லை. 502 என்றால் பின் சர்வர் இணைப்பை மறுத்தது, பாதியில் மூடியது, அல்லது புரியாத பதிலைத் தந்தது. எச்ஏபிராக்சி என்ற இன்னொரு லோடு பேலன்சர் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னும் நல்ல வசதி இருக்கிறது: ஒவ்வொரு வரியிலும் முடிவுநிலையைக் காட்டும் எழுத்துகளில் முதல் எழுத்து பெரிய ‘சி’யாக இருந்தால் கிளையண்ட் அறுத்தது, பெரிய ‘எஸ்’ஸாக இருந்தால் சர்வர் அறுத்தது அல்லது மறுத்தது, அவையே சிறிய எழுத்தாக இருந்தால் அந்தந்தப் பக்கத்துக் காலவரம்பு முடிந்தது என்று பொருள். அறுத்தது யார் என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதிலை வேறெந்த மென்பொருளின் லாக்கிலும் நான் கண்டதில்லை.

எர்ரர் லாக்கில் வரும் லினக்ஸ் பிழை எண்களையும் பழகிக்கொள்ளுங்கள். 111 என்பது இணைப்பு மறுக்கப்பட்டது. அந்த போர்ட்டில் (சர்வரின் எண்ணிட்ட வாசல்) யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, அநேகமாக அப்ளிகேஷன் விழுந்துகிடக்கிறது. 110 என்பது காத்திருந்து நேரம் கடந்தது. 104 என்பது எதிர்முனை இணைப்பை முறித்தது, அதாவது ரீசெட் பாக்கெட் வந்தது. 24 என்பது திறந்த கோப்புகளின் எண்ணிக்கை வரம்பைத் தொட்டது. அந்த இரவின் எர்ரர் லாக்கில் 104 திரும்பத் திரும்ப இருந்தது. அதே நொடிகளில் அப்ளிகேஷன் லாக்கில் ஒரு வரியும் இல்லை. லோடு பேலன்சர் அனுப்பிய கோரிக்கையை அப்ளிகேஷன் பார்க்கவே இல்லை என்பதுதான் அந்த வெற்றிடத்தின் பொருள்.

இந்தக் கட்டத்தில், லோடு பேலன்சரை விலக்கிவிட்டு ஒவ்வொரு பின் சர்வரையும் அதன் உள் முகவரியில், கோரிக்கை அனுப்பிப் பார்க்கும் கர்ல் கட்டளையால் நேராகத் தொட்டுப் பாருங்கள். மூன்றில் ஒன்று மட்டும் தவறினால், ‘மூன்று முறைக்கு ஒருமுறை வராது’ என்று பயனர் சொன்னதன் காரணம் தெரிந்துவிடும். மூன்றும் சரியாக வந்தால் கோளாறு துண்டுகளுக்கு நடுவில் இருக்கிறது.

பாக்கெட்டைக் கண்ணால் பார்த்தல்

லாக் என்பது ஒரு மென்பொருள் தன்னைப் பற்றித் தானே சொல்லும் வாக்குமூலம். பாக்கெட் பதிவு அப்படிப்பட்டது அன்று. பாக்கெட்டுகளைப் பதிவு செய்யும் டிசிபிடம்ப் கட்டளையை லோடு பேலன்சரிலும் பின் சர்வரிலும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, அந்த இரண்டு முகவரிகளுக்கும் அந்த ஒரு போர்ட்டுக்கும் மட்டும் வடிகட்டி, கோப்பில் எழுதச் செய்து, பிறகு அந்தப் பதிவைப் படிக்கும் வயர்ஷார்க் மென்பொருளில் திறந்து பார்க்க வேண்டும். தேட வேண்டியது ஒன்றுதான்: முதல் ஃபின் அல்லது முதல் ரீசெட் எந்த முகவரியிலிருந்து கிளம்பியது? ஃபின் என்பது ‘நான் பேசி முடித்துவிட்டேன்’ என்று முறையாக விடைபெறுவது. ரீசெட் என்பது ‘இந்த இணைப்பை நான் அறியேன்’ என்று கதவை அடைப்பது. இரு முனைகளும் ரீசெட் அனுப்பவில்லை, ஆனால் இரு முனைகளுக்கும் ரீசெட் வந்து சேர்ந்திருக்கிறது என்றால், நடுவில் இருக்கும் ஏதோ ஒரு ஃபயர்வால் இரு பெயரிலும் அதை அனுப்பியிருக்கிறது. இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் பதிவு செய்யச் சொல்வது இதற்காகத்தான்.

அந்த இரவின் பதிவில் ஓர் இணைப்பை எடுத்து விரித்தபோது கண்டதை அப்படியே சொல்கிறேன். ஒரு ஸ்கேன் போகிறது, பதில் வருகிறது. அதன் பிறகு ஐந்து நொடிக்கு அந்த இணைப்பில் ஒன்றும் இல்லை. ஐந்தாவது நொடி முடிந்த கணத்தில் பின் சர்வரிலிருந்து ஒரு ஃபின் கிளம்புகிறது. அது லோடு பேலன்சரை எட்டுவதற்குள், ஒரு மில்லிநொடிக்கும் குறைவான இடைவெளியில், லோடு பேலன்சர் அதே இணைப்பில் அடுத்த ஸ்கேனைத் தள்ளிவிடுகிறது. இரண்டும் வழியில் ஒன்றையொன்று கடக்கின்றன. மூடிய கதவில் வந்து மோதிய ஸ்கேனுக்குப் பின் சர்வரின் இயங்குதளம் ரீசெட் அனுப்புகிறது. லோடு பேலன்சர் டேப்லெட்டுக்கு 502 சொல்கிறது. யார் மீதும் குற்றமில்லை. இரண்டு மென்பொருள்களும் விதிப்படியே நடந்திருக்கின்றன.

மேற்பார்வையாளர் சொன்ன இரண்டு செய்திகளும் இப்போது பொருந்துகின்றன. பகலில் எல்லா லைன்களும் ஓடுவதால் எந்த இணைப்பும் ஐந்து நொடி சும்மா இருப்பதில்லை. இரவில் ஒன்றிரண்டு லைன் மட்டுமே ஓடுவதால் இடைவெளி ஐந்து நொடியை ஒட்டி ஒட்டி வருகிறது, மோதல் நடக்கிறது. படிக்கும் கோரிக்கை இப்படி மோதினால் என்ஜின்எக்ஸ் அதை இன்னொரு பின் சர்வருக்கு ஓசையில்லாமல் மீண்டும் அனுப்பிவிடுகிறது. எழுதும் கோரிக்கையை, அதாவது போஸ்ட்டை, ஒருமுறை அனுப்பிவிட்ட பின் 1.9.13 பதிப்பு முதல் அது தானாக மீண்டும் அனுப்புவதில்லை. ஒரே பதிவு இரண்டு முறை ஏறிவிடும் அபாயம் இருப்பதால் அந்தக் கட்டுப்பாடு சரியானது.

எதிரெதிராக ஓடும் இரண்டு காலவரம்புகள்

இந்தக் கோளாறைத் திருத்தும்போது பலர் கோப்பில் கண்ணில் படும் எல்லாக் காலவரம்புகளையும் 300 என்று மாற்றிவிடுகிறார்கள். அது நோயை இடம் மாற்றுமே தவிரத் தீர்க்காது. காலவரம்புகள் இரண்டு வகை. இரண்டும் எதிரெதிர்த் திசையில் அமைய வேண்டும்.

முதல் வகை, பதில் கொடுத்து முடித்த பின் இணைப்பை எத்தனை நேரம் சும்மா திறந்து வைத்திருப்பது என்பது. இது வெளியிலிருந்து உள்ளே போகப் போகக் கூட வேண்டும். காரணம் எளியது: அடுத்த கோரிக்கையை அனுப்பப்போகிறவரே இணைப்பை முதலில் மூட வேண்டும், அவர் மூடினால், தான் மூடியது அவருக்குத் தெரியும், புதிய இணைப்பைத் திறந்துகொள்வார். வாங்குகிறவர் முதலில் மூடினால்தான் மேலே சொன்ன மோதல் வரும். டேப்லெட் செயலி 45 நொடி, லோடு பேலன்சர் 60 நொடி, பின் சர்வர் 75 நொடி என்பது ஒழுங்கான ஏற்பாடு. இயல்பாக வரும் மதிப்புகளோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக இருக்கின்றன. அமேசானின் அப்ளிகேஷன் லோடு பேலன்சர் 60 நொடி வைத்திருக்கும். என்ஜின்எக்ஸும் பின் சர்வர் இணைப்புகளை இயல்பாக 60 நொடி வைத்திருக்கும். ஆனால் பின்னால் இருக்கும் சர்வர் மென்பொருள்களில் அப்பாச்சி 5 நொடியிலும், நோட்.ஜேஎஸ் வெகுகாலமாகப் புழக்கத்தில் இருக்கும் பதிப்புகளில் 5 நொடியிலும், கூனிகார்ன் 2 நொடியிலும் மூடிவிடும். கூகுள் கிளவுடின் எச்டிடிபி லோடு பேலன்சர் பின் சர்வர் இணைப்பை 600 நொடி வைத்திருப்பதால், அங்கே பின் சர்வருக்கு 620 நொடி கொடுக்க வேண்டும். என்ஜின்எக்ஸைப் பின் சர்வராக வைத்து அதன் இயல்பான 75 நொடியை அப்படியே விட்டால் அங்கே 502 வரத்தான் செய்யும். நோட்.ஜேஎஸ்ஸில் கீப்அலைவ் டைம்அவுட்டை (சும்மா திறந்து வைத்திருக்கும் காலவரம்பு) உயர்த்தும்போது ஹெடர்ஸ் டைம்அவுட்டையும் (கோரிக்கையின் ஹெடர்கள் வந்து சேரும் காலவரம்பு) அதைவிடச் சில நொடி கூடுதலாக வைக்க மறக்கக் கூடாது. பழைய பதிப்புகளில் இது இல்லாமல் திருத்தம் பாதியிலேயே நின்றுவிடும்.

இரண்டாம் வகை, அனுப்பிய கோரிக்கைக்குப் பதில் வரும் வரை எத்தனை நேரம் காத்திருப்பது என்பது. இது உள்ளே போகப் போகக் குறைய வேண்டும். டேட்டாபேஸ் வினவலுக்கு 40 நொடி, அப்ளிகேஷனுக்கு 50, லோடு பேலன்சருக்கு 60, டேப்லெட்டுக்கு 70 என்று வைத்தால், தாமதம் எங்கே நேர்கிறதோ அங்கேயே பிழை பிடிபட்டு, தெளிவான செய்தியாக வெளியே வரும். தலைகீழாக வைத்தால், லோடு பேலன்சர் 60 நொடியில் கைவிட்ட பிறகும் டேட்டாபேஸ் அந்த வேலையைச் செய்துகொண்டே இருக்கும். பயனர் மீண்டும் பொத்தானை அழுத்துவார், இரண்டாவது வினவலும் அதன்மேல் ஏறும். மாதக் கடைசியில் கூலிப் பட்டியல் எடுக்கும் நாளில் சர்வர் படுத்துவிடுவதற்கு நான் பார்த்தவரை இதுவே பெரும்பாலும் காரணம். உண்மையிலேயே மூன்று நிமிடம் ஓடும் அறிக்கை என்றால் காலவரம்பை நீட்டாதீர்கள். வேலையை வரிசையில் போட்டுவிட்டு, முடிந்ததும் கோப்பைத் தரும்படி மாற்றுங்கள்.

இரு பக்கமும் எப்போது வேண்டுமானாலும் செய்தி அனுப்ப நீண்ட நேரம் திறந்தே இருக்கும் வெப்சாக்கெட் இணைப்புக்கு இந்த இரண்டு விதிகளும் நேராகப் பொருந்துவதில்லை. என்ஜின்எக்ஸ் அதைப் பதில் இன்னும் முடியாத கோரிக்கையாகவே பார்க்கிறது. ஆகவே பின் சர்வரிலிருந்து 60 நொடி ஒன்றும் வராவிட்டால் ப்ராக்ஸி ரீட் டைம்அவுட் என்ற காலவரம்பு அதை அறுத்துவிடும். 25 அல்லது 30 நொடிக்கு ஒருமுறை சர்வர் பிங் (உயிரோடு இருக்கிறாயா என்று கேட்கும் சிறு செய்தி) அனுப்பும்படி செய்வதே சரியான வழி. அப்கிரேடு, கனெக்ஷன் என்ற இரண்டு ஹெடர்களைப் பின்னால் கடத்தவும், எச்டிடிபி 1.1 பதிப்பிலேயே பின் சர்வருடன் பேசவும் அமைத்திருக்கிறோமா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டீ நேரத்துக்குப் பிறகு ஏறாத முதல் ஸ்கேன்

இரவு ஷிப்டின் தொல்லை தீர்ந்த பிறகு அதே கம்பெனியில் இன்னொன்று மிஞ்சியிருந்தது. டீ இடைவேளை முடிந்து லைன் மீண்டும் ஓடத் தொடங்கும்போது ஒவ்வொரு டேப்லெட்டிலும் முதல் ஸ்கேன் மட்டும் வெகுநேரம் சுற்றியது. செயலியை மூடித் திறந்தால் சரியாகிவிட்டது. இங்கே லோடு பேலன்சரின் லாக்கில் பிழையே இல்லை. யாரும் ஃபின் அனுப்பவில்லை, ரீசெட்டும் அனுப்பவில்லை.

தொழிற்சாலையின் ஃபயர்வால், லோடு பேலன்சரில் காலவரம்பு நீளமாக இருந்ததால் அறுபடாமல் சில நிமிடங்கள் சும்மா கிடந்த வெப்சாக்கெட் இணைப்புகளைத் தன் அட்டவணையிலிருந்து அழித்துவிட்டிருந்தது. இரு முனைகளும் இணைப்பு உயிரோடு இருப்பதாகவே நம்பின. அட்டவணையில் இல்லாத இணைப்பின் பாக்கெட்டை ஃபயர்வால் பதில் சொல்லாமல் கீழே போட்டது. டேப்லெட் அதே பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது. லினக்ஸ் இயல்பாகப் பதினைந்து முறை வரை இப்படி மீண்டும் அனுப்பிப் பார்க்கும். முழுதாகக் கைவிட ஏறத்தாழ கால்மணி நேரம் ஆகும். கைபேசி நிறுவனங்களின் பொது முகவரிப் பகிர்விலும், மேகச் சேவைகளின் நான்காம் அடுக்கு (டிசிபி அளவில் மட்டும் இயங்கும்) லோடு பேலன்சர்களிலும் இதே மறதி உண்டு. அஸூரின் லோடு பேலன்சர் இயல்பாக 4 நிமிடத்திலும், அமேசானின் நெட்வொர்க் லோடு பேலன்சர் 350 நொடியிலும் சும்மா இருக்கும் டிசிபி இணைப்பை மறக்கின்றன.

சும்மா இருக்கும் இணைப்பைத் தட்டிப் பார்க்கும் டிசிபி கீப்அலைவ் இதற்கென்றே இருக்கிறது, ஆனால் லினக்ஸில் அதன் இயல்பு மதிப்பு 7200 நொடி, அதாவது இரண்டு மணி நேரம். அதற்குப் பிறகு 75 நொடி இடைவெளியில் ஒன்பது முறை தட்டிப் பார்த்துவிட்டே இணைப்பு செத்ததாக முடிவு செய்யும். ஐந்து நிமிடத்தில் மறக்கும் ஃபயர்வாலுக்கு முன்னால் இதனால் பயனில்லை. மேலும் செயலி அந்த வசதியைத் தன் சாக்கெட்டில் கேட்டு வாங்கியிருந்தால்தான் அது இயங்கும். அப்ளிகேஷன் அளவிலேயே 30 நொடிக்கு ஒரு பிங், அதற்குப் பதில் 10 நொடியில் வராவிட்டால் இணைப்பைத் தூக்கியெறிந்துவிட்டுப் புதிதாகத் திறப்பது என்று செயலியை மாற்றினோம். டீ நேரத் தொல்லை அன்றோடு நின்றது.

கரண்ட் போய் ஜெனரேட்டர் ஏறும் அந்தச் சில நொடிகளும் இதே கோளாறைத் தருகின்றன என்பதை நம் பக்கத்துக்காரர்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். டேப்லெட் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கும், ரௌட்டர் மட்டும் அணைந்து எழும். எழுந்த ரௌட்டருக்குப் பழைய இணைப்புகள் எதுவும் நினைவிருக்காது. ரௌட்டர், சுவிட்ச், வை-ஃபை ஆக்சஸ் பாயிண்ட் ஆகிய மூன்றையும் ஒரு சிறிய யுபிஎஸ்ஸில் சேர்ப்பது, எந்த மென்பொருள் திருத்தத்தையும்விட மலிவாக முடிகிற வேலை. பிழை வந்த மணியையும் ஜெனரேட்டர் பதிவேட்டில் எழுதிய மணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கூட்ட நேரத்தில் மட்டும் அறுந்தால்

காலை ஷிப்ட் தொடங்கும் நிமிடங்களில் மட்டும் தொல்லை என்றால், ஏதோ ஓர் அளவு நிரம்பி வழிகிறது. என்ஜின்எக்ஸில் ஒரு ஒர்க்கருக்கு (கோரிக்கைகளைக் கையாளும் பிராசஸ்) இயல்பாக 512 இணைப்புகள்தான். ப்ராக்ஸியாக வேலை செய்யும்போது ஒரு கோரிக்கைக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு செலவாகும். ஒரு பிராசஸ் திறக்கக்கூடிய கோப்புகளின் வரம்பு பல லினக்ஸ் அமைப்புகளில் 1024. லோடு பேலன்சரிலிருந்து ஒரே பின் சர்வர் முகவரிக்கும் போர்ட்டுக்கும் திறக்க இயல்பாகக் கிடைக்கும் போர்ட்டுகள் 32768 முதல் 60999 வரை, ஏறத்தாழ 28,000. பின் சர்வர் இணைப்புகளை மறுபயன்பாடு செய்யாமல் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாகத் திறந்து மூடினால், மூடிய ஒவ்வொன்றும் டைம்-வெயிட் நிலையில் 60 நொடி தங்கிவிடும். இணைப்புகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளையால் நிலைகளை எண்ணிப் பாருங்கள். க்ளோஸ்-வெயிட் நிலையில் இணைப்புகள் குவிந்துகொண்டே போனால், எதிர்முனை மூடிய பிறகும் நம் அப்ளிகேஷன் தன் பக்கத்தை மூடவில்லை. அது நிரலில் உள்ள பிழை, எந்தக் காலவரம்பாலும் தீராது. கர்னல் லாக்கில் ‘கான்ட்ராக் டேபிள் ஃபுல்’ (இணைப்புகளை நினைவில் வைக்கும் அட்டவணை நிரம்பிவிட்டது) என்ற செய்தி இருந்தால், பாக்கெட்டுகள் என்ஜின்எக்ஸை எட்டும் முன்பே விழுந்துகொண்டிருக்கின்றன.

புதிய பதிப்பை ஏற்றும் நேரத்தில் மட்டும் அறுந்தால் காரணத்தைத் தேட வேண்டியதில்லை. சர்வரை நிறுத்தும் முன் லோடு பேலன்சரின் பட்டியலிலிருந்து அதை விலக்கி, ஓடிக்கொண்டிருக்கும் கோரிக்கைகள் முடியும் வரை காத்திருந்து, பிறகு நிறுத்த வேண்டும். அமேசானில் இந்தக் காத்திருப்பு இயல்பாக 300 நொடி. அப்ளிகேஷனும், நிறுத்தச் சொல்லும் டெர்ம் சிக்னல் வந்ததும் உடனே சாகாமல், கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டு வெளியேறும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஹெல்த் செக், அதாவது பின் சர்வர் நலமாக இருக்கிறதா என்று பார்ப்பது, பற்றி ஒரு எச்சரிக்கை. என்ஜின்எக்ஸ் இயல்பாக ஒரே ஒரு தோல்வியைக் கண்டதும் அந்தப் பின் சர்வரைப் பத்து நொடிக்கு ஒதுக்கிவைக்கும். இரண்டு சர்வர் மட்டுமே இருக்கும் இடத்தில் இரண்டும் அடுத்தடுத்து ஒருமுறை தடுமாறினால் ‘நோ லைவ் அப்ஸ்ட்ரீம்ஸ்’ என்று எழுதிவிட்டு எல்லோருக்கும் 502 கொடுத்துவிடும். தோல்வி எண்ணிக்கையை மூன்றாக்குங்கள்.

சின்னச் சின்னக் கோரிக்கைகள் போய்வருகின்றன, துணியின் குறைபாட்டைப் படமெடுத்து ஏற்றினால் மட்டும் தொங்கி நிற்கிறது என்றால் பாக்கெட் அளவைச் சந்தேகியுங்கள். பிபிபிஓஇ (பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் முறை) வழியாக வரும் ஃபைபர் இணைப்பில் பாக்கெட்டின் பேரளவு 1500 பைட் அன்று, 1492. ‘பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கு’ என்று திரும்பி வரும் ஐசிஎம்பி செய்தியை வழியில் ஏதேனும் ஒரு ஃபயர்வால் தடுத்தால், பெரிய பாக்கெட் மட்டும் காணாமல் போகும். பாக்கெட்டைத் துண்டாக்கக் கூடாது என்ற குறியுடன் 1472 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள். அது போகாமல் 1464 போனால் காரணம் இதுவே. ரௌட்டரில் எம்எஸ்எஸ் (ஒரு டிசிபி பாக்கெட்டில் போகும் தரவின் பேரளவு) அளவைக் கட்டுப்படுத்தினால் தீர்ந்துவிடும்.

அறுவதை அனுமதித்து எழுதுதல்

இத்தனையும் செய்த பிறகும் இணைப்புகள் எப்போதாவது அறும். கம்பியும் மின்சாரமும் இருக்கும் வரை அதைத் தவிர்க்க முடியாது. அறுந்தபோது ஸ்கேன் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று டேப்லெட்டுக்குத் தெரியாது என்பதே உண்மையான ஆபத்து. மீண்டும் அனுப்பினால் ஒரு பண்டில் இரண்டாகக் கணக்கேறலாம். அனுப்பாவிட்டால் ஒருவருடைய கூலி போகும். ஆகவே ஒவ்வொரு ஸ்கேனுக்கும் டேப்லெட்டே ஒரு தனி எண்ணை உருவாக்கி, பதில் வரும் வரை தன் நினைவில் வைத்து, அதே எண்ணுடன் மீண்டும் மீண்டும் அனுப்பட்டும். சர்வர் அந்த எண்ணை டேட்டாபேஸில் தனித்துவக் கட்டுப்பாட்டுடன் வைத்து, இரண்டாம் முறை வந்தால் புதிதாக எழுதாமல் முதல் பதிலையே திருப்பித் தரட்டும். மீண்டும் அனுப்பும் இடைவெளியை 1, 2, 4 நொடி என்று கூட்டிக்கொண்டே போவதோடு, ஒவ்வொரு டேப்லெட்டுக்கும் சற்று வேறுபடும்படியும் செய்ய வேண்டும்; இல்லையென்றால் ஜெனரேட்டர் ஏறியதும் எல்லா டேப்லெட்டுகளும் ஒரே நொடியில் கதவைத் தட்டும்.

திருத்தம் வேலை செய்கிறதா என்பதை, கோளாறு எந்த நேரத்தில் வந்ததோ அந்த நேரத்திலேயே பார்க்க வேண்டும். அந்தக் கம்பெனியில் பின் சர்வரின் காலவரம்பை 75 நொடிக்கு உயர்த்திய பின், பகலில் சோதித்து முடித்துவிடாமல், அடுத்த இரண்டு வார இரவு ஷிப்டுகளின் எர்ரர் லாக்கில் 104 என்ற எண்ணை நாள்தோறும் எண்ணினேன். ஒரே மாற்றத்தை ஒரு நேரத்தில் செய்து, அதன் மணியைக் குறித்து வைத்திருந்ததால், எண்ணிக்கை சுழியத்துக்கு இறங்கிய இரவு எந்த மாற்றத்தை அடுத்து வந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. மேற்பார்வையாளரிடமும் கேட்டேன். “இப்ப ஏறிருதுங்க சார், டிக்கெட்ட எடுத்து வெச்சுக் காத்துக்கிட்டிருக்கற வேல இல்லீங்க” என்றார்.